கண்ணாடிக்கு அப்பால் பவளம்

சென்னை ஜார்ஜ் டவுனில் பவளக்காரத் தெரு என்று ஒரு தெரு உண்டு. ஆவடியில் மின்சார ரயிலேறிக் கடற்கரை நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். பெயர் சும்மா வரவில்லை. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் மத்தியதரைக் கடலில் எடுத்த சிவப்புப் பவளம் இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்திலிருந்து லண்டனுக்குப் போய், அங்கிருந்து கம்பெனிக் கப்பல்களில் சென்னப்பட்டணத்துக்கு வந்தது. வந்த பவளத்துக்கு மாற்றாகக் கோல்கொண்டா வைரம் திரும்பிப் போனது. கோட்டையை அண்டி வாழ்ந்த யூத வணிகர்களின் முக்கியத் தொழில் இதுதான்.

இதற்கும் பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன்பே முசிறியில் இறங்கிய பண்டங்களின் பட்டியலில் பவளத்தைச் சேர்த்திருக்கிறது ‘பெரிப்ளூஸ்’ என்னும் கிரேக்கக் கடல்வழிக் கையேடு. ரோமானியர் முத்துக்குத் தரும் மதிப்பை இந்தியர் பவளத்துக்குத் தருகிறார்கள் என்று பிளினி வியந்திருக்கிறார். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் குவிந்து கிடக்கும் பண்டங்களுக்கிடையே துகிரும் இருக்கிறது. துகிர் என்றால் பவளம்.

ஆகத் தமிழ் மனத்தில் பவளம் என்பது சிவப்பு, வழவழப்பானது, தூரத்திலிருந்து வருவது, உயிரற்றது. உதட்டுக்கும் அந்தி வானத்துக்கும் அதை உவமையாக்கி மகிழ்ந்த நாம், நம் கடலுக்குள்ளேயே பவளம் உயிரோடு வளர்கிறது என்பதைக் கண்ணால் காண நெடுங்காலம் ஆயிற்று. பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே கடலுக்கடியில் பரந்து கிடந்ததை மீனவர்கள் ‘பார்’ என்றார்கள். கரையிலிருந்தவர்கள் ‘கல்’ என்றார்கள், வெட்டி எடுத்தார்கள், சூளையிலிட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். கவிதையில் வந்த பவளமும் சூளைக்குப் போன கல்லும் உறவுக்காரர்கள் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. காரணம் எளிது. உயிருள்ள பவளத்தின் படம் நம்மிடம் இல்லை.

இந்தக் கட்டுரை அந்தப் படத்தின் வரலாற்றைப் பற்றியது. கடலிலிருந்து தொலைவில், அம்பத்தூரிலோ பூந்தமல்லியிலோ ஒரு வீட்டின் கூடத்தில், உப்புநீர் நிரப்பிய கண்ணாடித் தொட்டியின் முன் கேமராவோடு ஒருவர் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தால், அவர் அறிந்தோ அறியாமலோ அந்த வரலாற்றின் தொடர்ச்சியாகத்தான் உட்கார்ந்திருக்கிறார்.

*

பவளத்தைக் கடலுக்குள்ளேயே இருந்து பார்த்து வரைந்த முதல் ஓவியங்களுள் சில நமக்கு மிக அருகே, இலங்கையின் காலித் துறைமுகத்தில் உருவானவை. வரைந்தவர் ஓய்கன் ஃபொன் ரான்ஸொன்னே என்ற ஆஸ்திரியப் பிரபு. தொழிலால் அரசாங்கத் தூதுப் பணியாளர், ஆசையால் ஓவியர். 1864-65ல் இலங்கைக்கு வந்த அவர், கண்ணாடிச் சன்னல் பதித்த ஓர் இரும்பு மணிக்கூட்டுக்குள் தலையும் தோளும் இருக்க அமர்ந்து, மேலே படகிலிருந்து குழாய்வழியே காற்று அடித்துத் தர, கடலடியில் இருந்தபடியே பென்சிலால் வரைந்தார். கரையேறி வண்ணம் தீட்டினார். அவரது இலங்கை நூல் 1867ல் வியன்னாவில் வெளியானது.

அந்தப் படங்களில் முதலில் கண்ணில் படுவது நிறத்தின் அடக்கம். எல்லாவற்றின்மீதும் ஒரு பசுநீலத் திரை. தொலைவு கூடக் கூடப் பொருள்கள் கரைந்து மறைகின்றன. நீருக்குள் நுழையும் வெளிச்சத்தில் சிவப்பு முதலில் உறிஞ்சப்பட்டுவிடும். சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்புப் பொருள் கருத்துத் தெரியும். ரான்ஸொன்னே தான் கண்டதை வரைந்தார். கரைக்குக் கொண்டுவந்து வெயிலில் வைத்தால் எப்படி இருக்கும் என்று ஊகித்து வரையவில்லை.

பதினாறு ஆண்டுகள் கழித்து எர்ன்ஸ்ட் ஹெக்கல் அதே காலிக்கு வந்தார். செங்கடலின் பவளங்களைப் பற்றி 1876லேயே நூல் எழுதியிருந்தவர். செங்கடலோரத் தூரில் மஞ்சளும் செம்மஞ்சளும் பழுப்புமாகக் கண்ட பவளத் தோட்டம் காலியில் பச்சையின் பல சாயல்களாக இருந்ததை அவர் வியப்போடு குறித்துவைத்தார். ஒரே வகை உயிரினம், இரண்டு கடல்கள், இரண்டு நிறத்தொகுதிகள். பவளத்தின் ‘உண்மையான’ நிறம் எது என்ற கேள்வி இப்படி இந்தியப் பெருங்கடலின் ஓரத்திலேயே எழுந்துவிட்டது. இன்றுவரை அது முழுதாக அடங்கவில்லை என்பதுதான் சுவாரசியம்.

கேமரா வந்தது 1893ல். அந்த ஓராண்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. பிரான்சின் பன்யூல்ஸ் கடற்கரையில் லூயி பூத்தான் நீர்புகாப் பெட்டிக்குள் கேமராவை வைத்துக் கடலுக்கடியில் படமெடுத்தார்; சில படங்களுக்கு அரைமணி நேரம் வரை ஒளி காட்ட வேண்டியிருந்தது. லண்டனில் வில்லியம் ஸாவில்-கென்ட் தம் ஆஸ்திரேலியப் பெருந்தடுப்புப் பவளத்திட்டு நூலை வெளியிட்டார். அவர் கடலுக்குள் இறங்கவில்லை. கடல் மிகவும் வற்றும் நாட்களில் வெளியே தெரிந்த பவளங்களைக் காத்திருந்து படமெடுத்தார். நிறம் பதியாத காலம் அது. எனவே புகைப்படங்களோடு, தாமே தீட்டிய நீர்வண்ண ஓவியங்களையும் அச்சிட்டார். வடிவத்துக்குக் கேமரா, நிறத்துக்குக் கை என்று வேலையைப் பிரித்துக்கொண்டார்.

ஸாவில்-கென்ட் அடிப்படையில் மீன்தொட்டிக்காரர். 1870களில் பிரைட்டன், மான்செஸ்டர் நகரங்களின் காட்சிச்சாலைகளில் கடல்நீர்த் தொட்டிகளைப் பராமரித்தவர். கண்ணாடிக்குப் பின்னே ஓர் உயிரினத்தைப் பல மாதங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் பழக்கம்தான் அவருக்குப் பவளத்தின்முன் பொறுமையைக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்.

அவர் எடுத்த படங்களுக்கு ஒரு நூற்றாண்டு கழித்து எதிர்பாராத மதிப்பு வந்தது. 1990களில் ஆய்வாளர்கள் அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு அதே இடங்களுக்குப் போனார்கள். குயின்ஸ்லாந்தின் போவன் நகரருகே ஸ்டோன் தீவில், படத்தில் பவளம் செழித்திருந்த இடத்தில் சேறும் சிதைந்த துண்டுகளும் கிடந்தன. ‘நின்ற இடம் அதேதானா? ஓதமட்டம் அதேதானா?’ என்று சர்ச்சை கிளம்பியது. பிற்பாடு இறந்த பவளங்களின் வயதைக் கணித்தெல்லாம் ஆய்வுகள் நடந்தன. யார் சொன்னது சரி என்பதைவிட நமக்கு முக்கியமான செய்தி, சர்ச்சை செய்வதற்காவது அங்கே ஒரு படம் இருந்தது என்பது.

*

இனி நம் பக்கத்துக்கு வருவோம். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885ல் பொறுப்பேற்ற எட்கர் தர்ஸ்டனைத் தமிழ் வாசகர்கள் ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ வழியாகவே அறிவார்கள். அவர் கடலுயிர்களில் ஆழ்ந்த நாட்டம் கொண்டவர் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்பையும் கடலுயிர்களையும் பற்றி 1890ல் எழுதினார். 1895ல் ராமேஸ்வரம் தீவைப் பற்றி அருங்காட்சியக வெளியீடு ஒன்றைக் கொண்டுவந்தார். சென்னைக் கடற்கரையில் ஒரு மீன்காட்சிச்சாலை வேண்டும் என்று 1905ல் யோசனை சொன்னவரும் அவரே. 1909ல் மெரினாவில் அது திறக்கப்பட்டது. 1919ல் மீன்துறையின் கைக்குப் போயிற்று. இரண்டாம் உலகப்போரின்போது மூடப்பட்டது. அதன் பிறகு மெரினாவில் வேறெல்லாம் எழுந்தன. கண்ணாடிக்கு அப்பால் கடலைக் காட்டும் வீடு எழவில்லை.

அருங்காட்சியகம் பவளத்தைச் சேமித்த முறை எங்கும் ஒன்றுதான். சதையை நீக்கி, வெளுக்கவைத்து, வெள்ளை எலும்பாக்கி அடுக்குவார்கள். வகைப்பாட்டுக்கு எலும்பின் குழிகளும் தடுப்புச் சுவர்களுமே போதும் என்பதால் அறிவியலுக்கு அதில் குறையில்லை. ஆனால் பார்வையாளன் மனத்தில் பதிவது வெள்ளைக் கல். உயிரோடிருக்கும் பவளம் ஒரு மெல்லிய சதைப்போர்வை. அதில் ஆயிரக்கணக்கான சிறு வாய்கள், ஒவ்வொன்றையும் சுற்றி உணர்கொம்புகள், சதைக்குள்ளே நுண்பாசிகள். பாசி வெயிலில் சமைத்துக் கொடுக்கிறது, பவளம் உண்டு வளர்ந்து சுண்ணாம்பு வீடு கட்டுகிறது. அந்தப் பாசியின் பழுப்பும் பவளத்தின் சொந்த நிறமிகளும் சேர்ந்ததுதான் நாம் காணும் நிறம். அலமாரிக்கு வருமுன்பே இரண்டும் போய்விடும்.

விடுதலைக்குப் பின் இந்த வேலை மண்டபத்துக்கு இடம் மாறியது. 1947ல் தொடங்கிய மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தில் சி. எஸ். கோபிநாத பிள்ளை பவளங்களை வகைப்படுத்தினார். 1967ல் அவர் விவரித்த ஓர் இனத்துக்கு மண்டபத்துக்கு எதிரே இருக்கும் மனோலித் தீவின் பெயரே சூட்டப்பட்டது: மான்டிபோரா மனோலியென்சிஸ். 1969 ஜனவரியில் மண்டபம் முகாமில் பவளத்திட்டுகள் பற்றிய கருத்தரங்கு ஒன்று நடந்தது. இன்று சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உலகின் பவள ஆய்வாளர்கள் எல்லாம் கூடும் சர்வதேசக் கருத்தரங்க வரிசையில் முதலாவதாக எண்ணப்படுவது மண்டபத்தில் நடந்த அந்தக் கூட்டம்தான். நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அதே ஆண்டுகளில், அதே கடலில், வள்ளம் வள்ளமாகப் பவளக் கல் வெட்டப்பட்டுச் சுண்ணாம்புக்கும் ஆலைகளுக்கும் கட்டடங்களுக்கும் போய்க்கொண்டிருந்தது. 1986ல் மன்னார் வளைகுடாவின் தீவுகள் தேசியப் பூங்காவாயின. 1989ல் உயிர்க்கோளக் காப்பகம் வந்தது. ஆவணங்களில் 21 தீவுகள். அவற்றில் பூவரசன்பட்டியும் விலங்குச்சல்லியும் நீருக்குள் அமிழ்ந்துவிட்டன. அரணாக இருந்த பவளத்தை வெட்டியதன் விளைவு. ஸ்டோன் தீவுக்காவது ‘இப்படி இருந்தது’ என்று நீட்டிக் காட்ட ஒரு புகைப்படம் வாய்த்தது. பூவரசன்பட்டி நம் பேச்சில் வெறும் பெயராக நிற்கிறது.

*

வீட்டுக்குள் பவளம் வளர்ப்பது புதிய பழக்கம். நன்னீர் மீன் வளர்ப்பது நமக்குப் பழகியது. சென்ட்ரலுக்குப் பக்கத்து மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகங்களோடு கிளியும் முயலும் வண்ணமீனும் விற்றதைக் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1985ல் அது எரிந்தது. பின்னாளில் வண்ணமீன் என்றாலே அம்பத்தூருக்குக் கிழக்கே, வில்லிவாக்கத்தை ஒட்டிய கொளத்தூர் என்றாகிவிட்டது. சிமெண்ட் தொட்டி கட்டி வீட்டோடு மீன் வளர்க்கும் குடும்பங்கள் அங்கே ஏராளம்.

கடல்நீர்த் தொட்டி வேறு சாதி. உப்பு கரைத்த தண்ணீர் மட்டும் போதாது. 1961ல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் ஓர் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழில் தம் முறையை விளக்கினார். வடிகட்டிகள் எதுவுமின்றி, கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறைகளை அவற்றின் நுண்ணுயிர்களோடு தொட்டியில் வைத்து, காற்றுக் குமிழிகளால் நீரைச் சுழலவிட்டால் கழிவைப் பாறையே தின்றுவிடும் என்றார். அவர் வீட்டில் கடல் பக்கத்தில் இருந்தது, வெயில் இருந்தது. குளிர்நாட்டுக்காரர்களால் அதை அப்படியே செய்ய முடியவில்லை. 1970, 80களில் பெர்லின் ஆர்வலர்கள் உயிர்ப்பாறையோடு வலுவான விளக்கையும், நுரைவழிக் கழிவைப் பிரிக்கும் கருவியையும் சேர்த்தார்கள். கல்பவளத்தின் ஒரு கிளையை ஒடித்து நட்டால் அது வளரும் என்று கண்டார்கள். செம்பருத்திக் குச்சியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பதுபோலப் பவளக் கிளைகள் கைமாறத் தொடங்கின.

சென்னையின் மேற்குப் புறநகரில் இதைச் செய்ய நினைப்பவர் முன் நிற்கும் தடைகளைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஆழ்குழாய் நீர் ஆகாது; சவ்வூடு வடித்த நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் வீதம் உப்புக்கலவை கரைக்க வேண்டும். தொட்டி 25, 26 டிகிரி வெப்பத்தில் இருக்க வேண்டும். வெளியே மே மாதம் 40ஐத் தாண்டும். எனவே குளிரூட்டி. நீரில் சுண்ணாம்புச் சத்து லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது. பவளம் நாள்தோறும் அதை உறிஞ்சி எலும்பாக்கிக்கொண்டிருக்கும். மின்சாரம் நின்றால் நீரோட்டம் நிற்கும்; சில மணி நேரத்தில் பிராணவாயு குறையும். 2015 டிசம்பர் வெள்ளம், 2016 டிசம்பரின் வர்தா, 2023 டிசம்பரின் மிக்ஜாம் மூன்றையும் கண்ட ஊர் இது. ஒரு புயல் இரவில் பல ஆண்டு உழைப்பு கலங்கிய நீராகிவிடும்.

இவையெல்லாவற்றுக்கும் மேலே சட்டம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001ல் கல்பவளங்கள் அனைத்தும், கருப்புப் பவளம், கடல்விசிறி முதலியவற்றோடு சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உள்ள காப்பு அவற்றுக்கும். 2022ல் சட்டம் திருத்தப்பட்டு அட்டவணைகள் மாற்றி அடுக்கப்பட்டபோதும் அவை முதல் அட்டவணையிலேயே இருக்கின்றன. மண்டபத்துக் கரையில் ஒதுங்கிய ஒரு துண்டை நினைவுக்கென்று பையில் போட்டுக்கொள்வதும் குற்றமே. பெர்லின்காரர் பக்கத்து வீட்டுக்கு ஒடித்துக் கொடுத்த கிளையை ஆவடிக்காரர் வாங்கவோ கொடுக்கவோ முடியாது. பட்டியலில் வராத காளான் பவளம் போன்ற எலும்பில்லா இனங்களோடு அவர் தொட்டி நின்றாக வேண்டும். நம் கடல் பட்ட பாட்டைப் பார்த்தால் இந்தக் கண்டிப்பில் நியாயம் உண்டு. உடைமையாகப் பவளத்தைக் கொள்ள முடியாத இடத்தில், படமாக மட்டுமே கொள்ளலாம் என்றாகிறது. அதனால் படம் எப்படி எடுக்கப்படுகிறது என்பதும் சாதாரணக் கேள்வியாக இருப்பதில்லை.

*

தொட்டிப் பவளத்தைப் படமெடுத்துப் பார்த்தவர்களுக்கு முதல் ஏமாற்றம் நன்றாகத் தெரியும். கண்ணுக்கு மரகதமும் மாணிக்கமுமாகத் தெரிந்தது கேமராவில் ஒரே நீலக் குழம்பாக விழுகிறது. காரணம் விளக்கில் இருக்கிறது. இன்றைய பவளத்தொட்டி விளக்குகள் பெரும்பாலும் 450 நானோமீட்டர் அளவிலான நீல ஒளியை உமிழ்பவை. பாசிக்கு அது உகந்தது. நம் கண்ணும் மூளையும் அந்த நீலத்தைச் சில நிமிடங்களில் கழித்துவிட்டுப் பார்க்கப் பழகிவிடும். கேமரா கழிக்காது. அதன் நீல உணரிகள் நிரம்பி வழிய, சிவப்பு உணரிகள் பட்டினி கிடக்கும். ஒயிட் பேலன்ஸ் என்னும் நிறச் சரிக்கட்டலும் பல கேமராக்களில் 10,000 கெல்வினோடு நின்றுவிடும்; தொட்டி விளக்கு அதற்கும் மேலே. ஆகவே லென்சுக்குமுன் மஞ்சள் அல்லது செம்மஞ்சள் வடிகட்டி வைக்கிறார்கள். ரா கோப்பாக எடுத்துப் பின்னர் கணினியில் திருத்துகிறார்கள். மற்ற நியதிகள் பொறுமை சார்ந்தவை. லென்ஸ் கண்ணாடிக்கு நேர்செங்குத்தாக இருக்க வேண்டும். சாய்ந்தால் ஒளிவிலகலில் ஓரங்கள் சிதறும். நீரோட்டக் கருவிகளை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் துகள்கள் அடங்கும், ஆனால் கை பட்ட அதிர்ச்சியில் பவளம் வாய்களை மூடிக்கொள்ளும். மறுபடி விரியும்வரை காத்திருக்க வேண்டும்.

அந்த மரகதப் பச்சைக்கும் ஒரு வரலாறு உண்டு. நியூ கலிடோனியாவின் நூமெயா நகரில் 1956ல் மீன்காட்சிச்சாலை திறந்த ரெனே கத்தலா, ஆழத்திலிருந்து கொண்டுவந்த பவளங்களின்மீது இருட்டில் புற ஊதா விளக்கைக் காட்டினார். மங்கிக் கிடந்தவை பச்சையும் செம்மஞ்சளுமாகச் சுடர்விட்டன. 1964ல் அவர் வெளியிட்ட ‘கடலடித் திருவிழா’ என்ற வண்ணப்பட நூல் உலகெங்கும் பார்வையாளர்களை மயக்கியது. நீல ஒளியை வாங்கிப் பச்சையாகவும் சிவப்பாகவும் திருப்பித் தரும் இந்த உடனொளிர்வு, பவளத்தின் உடலிலுள்ள சில புரதங்களின் வேலை. பச்சைப் புரதத்தை ஒரு ஜெல்லிமீனில் 1962லேயே ஷிமோமுரா பிரித்தெடுத்திருந்தார். 2008ன் வேதியியல் நோபல் பரிசு அதற்குத்தான். ஆனால் தானாக ஒளிவிடாத பவளங்களிலும் அதன் உறவுப் புரதங்கள் உண்டு, அவற்றில் சிவப்பும் உண்டு என்று 1999ல் நிறுவியது மாஸ்கோவின் ஒரு குழு. கடலே இல்லாத அந்த நகரத்தில் அவர்களுக்குப் பவளம் எங்கே கிடைத்தது? மீன்தொட்டி ஆர்வலர் ஒருவரின் வீட்டில். இன்று உயிரணு ஆய்வுக்கூடங்களில் புழங்கும் சிவப்பு ஒளிர்புரதம் அந்த வீட்டுத் தொட்டியின் காளான் பவளத்திலிருந்து கிளம்பியது. ஆவடியில் ஒரு தொட்டியின் முன் உட்கார்ந்திருப்பவர் தம் வேலையை வெறும் பொழுதுபோக்கு என்று தாழ்த்திக்கொள்ள வேண்டியதில்லை.

இங்கேதான் ஒரு நெருடல். நீல விளக்கில், செம்மஞ்சள் வடிகட்டியோடு, நிறத்தைச் சற்றே தூக்கி எடுத்த படம் கண்ணைப் பறிக்கும். அப்படிப்பட்ட படங்களையே பார்த்துப் பழகியவர் மன்னார் வளைகுடாவில் உயிரோடிருக்கும் பழுப்புப் பவளத்தைப் பார்த்தால் செத்துவிட்டது என்று நினைக்கக்கூடும். உண்மை நேர்மாறாகவும் இருக்கலாம். கடல் சூடேறும்போது பவளம் தன் பாசியை இழந்து வெளுக்கிறது. நம் கடலில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் இது பெரிய அளவில் நிகழ்ந்தது. ஆனால் சில சமயம் வெளுப்பதற்குப் பதிலாகப் பவளம் கண்கூசும் நியான் நிறங்களில் ஜொலிக்கிறது. பாசி குறைந்ததும் வெள்ளை எலும்பில் பட்டு உள்ளே எதிரொளிக்கும் வெளிச்சம் மிகுந்துவிட, மிச்சமிருக்கும் பாசியைக் காக்கப் பவளம் அந்த நிறப் புரதங்களைக் குடையாக விரிக்கிறது என்று சௌதாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020ல் விளக்கினார்கள். அதாவது, மிக அழகாகத் தெரிகிற அந்தக் கணம் பவளம் வலியில் இருக்கிற கணமாக இருக்கலாம்.

பவளம் என்றால் சிவப்பு மணி என்று நம் முன்னோர் நம்பியதற்கும், பவளம் என்றால் நியான் பச்சை என்று நாம் நம்பத் தொடங்குவதற்கும் அதிக தூரமில்லை. இரண்டிலும் பழுப்பான, உயிருள்ள, நம் கரையோரத்து விலங்கு பார்வையிலிருந்து நழுவிவிடுகிறது. பார்க்கப்படாத ஒன்றை வெட்டி எடுப்பது எவ்வளவு சுலபம் என்பதற்குப் பூவரசன்பட்டி சாட்சி.

அழகான படம் எடுக்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. கத்தலாவின் நூல் இல்லாவிட்டால் எத்தனையோ பேர் கடலின் பக்கமே திரும்பியிருக்க மாட்டார்கள். 1957ல் ஆர்தர் கிளார்க் இலங்கைத் திட்டுகளைப் பற்றி எழுதிய நூலும் அதில் மைக் வில்சன் எடுத்த படங்களும் ஒரு தலைமுறையையே கடலுக்குள் இறக்கின. வியப்பு தேவைதான். வியப்போடு கொஞ்சம் கணக்கும் சேர வேண்டும் என்பதே என் எண்ணம். ஸாவில்-கென்ட் வடிவத்தையும் நிறத்தையும் தனித்தனியே பதிந்ததுபோல, நீல விளக்கில் ஒரு படம் எடுப்பவர் அதே நாளில் வெள்ளை விளக்கிலும் ஒன்று எடுத்துவைக்கலாம். பக்கத்தில் ஓர் அளவுகோலும் சாம்பல்நிற அட்டையும் இருக்கட்டும். தேதி, நீரின் வெப்பம், விளக்கின் அளவு ஆகியவற்றைப் படத்தோடு எழுதி வைக்கட்டும். மாதம் ஒருமுறை, அதே இடத்திலிருந்து, அதே தூரத்தில். பன்னிரண்டு மாதத்தில் பன்னிரண்டு படங்கள். பவளம் எப்போது விரிந்தது, எப்போது சுருங்கியது, மே மாதச் சூட்டில் நிறம் எப்படி மாறியது என்பதை அந்தப் பன்னிரண்டும் சொல்லிவிடும். மண்டபத்துக்கோ தூத்துக்குடிக்கோ போய்ப் படகேறிக் கண்ணாடிவழியே கீழே பார்ப்பவர்களுக்கும் இது பொருந்தும். எதையும் தொடாமல், எதையும் எடுத்துவராமல், இடமும் நாளும் குறித்த ஒரு படத்தோடு திரும்பினால் போதும். நூறு ஆண்டு கழித்து யாராவது அதைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இடத்தைத் தேடிப் போகக்கூடும்.